குறையை அளந்து காட்டும் இலவசக் கண்ணாடி: கிட்டார் பழகுபவருக்கு ஆடாசிட்டி

பாட்டு வெட்டவும் ரிங்டோன் செய்யவும் மட்டும் ஆடாசிட்டியைக் கணினியில் வைத்திருக்கும் கிட்டார்காரர்கள் ஏராளம். தன் வாசிப்பில் ஓட்டை எங்கே என்று தெரியாமல் ஒரே இடத்தில் நிற்பவருக்கு, நல்ல ஆசிரியருக்கு அடுத்தபடியாக உதவக்கூடியதும் அதே மென்பொருள்தான். முதல் பதிப்பு 2000-இல் வந்தது. இன்றும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பாட்டுப் பதிவுக்கு அது எப்படி என்று சொல்லப் பல பேர் இருக்கிறார்கள். நம் வாசிப்பை நாமே சோதிக்க அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக் கூடாது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

வாசிக்கும்போது காது பாதிதான் கேட்கிறது. அடுத்த கார்டுக்கு (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் பிடிக்கு) விரல் எங்கே போக வேண்டும் என்பதிலேயே மனம் இருப்பதால், விழாமல் போன சுரத்தை நினைவே நிரப்பிவிடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. போனில் பதிவுசெய்து கேட்டால் ஏதோ சரியில்லை என்பது தெரியும். எது, எவ்வளவு என்பது பிடிபடாது. ஆடாசிட்டி ஒலியை அலையாக விரித்து வைப்பதால் அந்த ‘எவ்வளவு’ மில்லிசெகண்ட் கணக்கில் கிடைத்துவிடுகிறது.

தனி மைக் வேண்டியதில்லை, லேப்டாப் மைக்கே போதும். அக்கூஸ்டிக் கிட்டார் என்றால் கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு நேராக 30 முதல் 40 செ.மீ. தள்ளி லேப்டாப் இருக்கட்டும். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் அடித்தந்திகள் பொங்கி மற்றதை மூடிவிடும். மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், மிகப் பலமான மீட்டலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத அளவு. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும்.

பலர் கோட்டைவிடும் இடம் மைக்கின் இரைச்சல் நீக்கும் வசதி. பேச்சைத் தெளிவாக்கச் செய்யப்பட்டது அது. நீண்டு ஒலிக்கும் தந்தியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். அளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் மெதுவான மீட்டலும் பலமான மீட்டலும் ஒரே உயரத்தில் பதியும். இரண்டையும் கணினியின் ஒலி அமைப்பில் அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் எடுத்த பதிவை வைத்து, தந்தி சீக்கிரம் செத்துவிடுகிறது என்று கையைக் குறை சொல்வது அநியாயம்.

ஹெட்ஃபோன் வயர் உள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேரவே தாமதமாகும். அதன் மைக்கும் சேர்ந்து இயங்கத் தொடங்கினால் ஒலித்தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும்.

இந்த மென்பொருளின் மிகப் பெரிய பொறியும் தாமதம்தான். டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமைக் கேட்டுக்கொண்டே வாசித்ததைப் பதிவுசெய்தால், கணினிக்குள் ஒலி போய்வரும் நேரத்தை ஆடாசிட்டி ஒரு நிலையான எண்ணால் கழிக்கிறது. அந்த எண் ஆரம்பத்தில் மைனஸ் 130 மில்லிசெகண்ட். உங்கள் கணினிக்கு அது பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. திருத்தாமல் விட்டால், துல்லியமாக வாசிப்பவரும் ஐம்பது மில்லிசெகண்ட் பிந்தி வாசிப்பதாகப் படம் காட்டலாம். தாளமே வராது என்று அவர் சோர்ந்துபோவார். ஒரே ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இது: கர்சரைத் தொடக்கத்தில் வைத்து, ஜெனரேட் மெனுவில் ரிதம் ட்ராக்கை (அந்த டிக் தாளத்தை) 60 வேகத்தில் (நிமிடத்துக்கு 60 அடி) உருவாக்குங்கள். ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டிவைத்து, ஷிப்ட்டும் ஆரும் சேர்த்து அழுத்தி இரண்டாவது ட்ராக்கில் அந்த டிக்கையே பதியுங்கள். பதிந்த டிக், மூல டிக்கைவிட 40 மில்லிசெகண்ட் பின்னால் இருந்தால் ஆடியோ அமைப்பில் உள்ள லேட்டன்சி (தாமத) திருத்தத்தை மைனஸ் 170 ஆக்குங்கள். 40 முன்னால் இருந்தால் மைனஸ் 90. மறுபடி பதிந்து, இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மைக்கையோ ஹெட்ஃபோனையோ மாற்றினால் மறுபடியும் இதே சோதனை.

இப்போது தாளம். ரிதம் ட்ராக் 120-இல்தான் திறக்கும். அதை 60 ஆக்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒவ்வொரு டிக்கும் சரியாக முழு விநாடியில் விழும். அதனால் கால்குலேட்டரே வேண்டாம்: மேலே உள்ள அளவுகோலை நிமிடம், விநாடிக் கணக்கிலும், ஸ்னாப் வசதியை அணைத்தும் வைத்துக்கொண்டு, சுரத்தின் அலை கிளம்பும் இடத்தைச் சொடுக்கினால் கீழே 12.034 என்று வரும். 34 மில்லிசெகண்ட் பிந்தியது. 12.972 என்றால் 28 முந்தியது. திரையில் இரண்டு விநாடி மட்டும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால்தான் அலை கிளம்பும் புள்ளி தெளிவாகத் தெரியும்.

ஒரே தந்தி, ஒரே சுரம், அடிக்கு ஒன்று. இருபது சுரங்களை அளந்து எழுதுங்கள். இங்கே படிக்கவேண்டியது சராசரியை அல்ல, சிதறலை. எல்லாம் 20 முதல் 30 வரை பிந்தியிருந்தால் கை ஒழுங்காகத்தான் இருக்கிறது. லேட்டன்சி எண் சற்றுத் தவறியிருக்கும், அல்லது அடியின் பின்னால் சாய்ந்து வாசிக்கும் பழக்கம். ஒன்று 45 முந்தி, அடுத்தது 50 பிந்தி என்று அலைந்தால் அதுதான் உண்மையான பலவீனம். 80 வேகத்தில் அடிக்கு நான்கு சுரம் வாசிக்கும்போது ஒரு சுரத்துக்கு இருப்பதே 187.5 மில்லிசெகண்ட்தான். அதில் ஐம்பது போனால் கேட்பவர் காலைத் தட்ட முடியாது.

டிக்கோடு சேர்ந்து வாசிப்பது ஓரளவுக்கு எல்லோருக்கும் வந்துவிடும். டிக் இல்லாத இடத்தில்தான் குட்டு வெளிப்படும். நான்கடி கொண்ட ட்ராக்கில் 8-ஆவது விநாடியிலிருந்து 16-ஆவதுக்குச் சற்று முன்வரை தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் எல்லும் அழுத்தினால் அந்த இரண்டு பார்களும் (நான்கடிச் சுற்றுகளும்) மௌனமாகும். விடாமல் வாசித்துக்கொண்டே போய், 16-இல் டிக் திரும்பும்போது உங்கள் சுரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 15.900-இல் நின்றால் எட்டு அடிகளில் 100 மில்லிசெகண்ட் ஓடியிருக்கிறீர்கள், அடிக்குப் பன்னிரண்டரை. ஓட்டம் பிடிப்பவருக்கு வேகத்தைக் கூட்டிப் பழகுவது மருந்தாகாது. மௌன பார்களை இரண்டிலிருந்து மூன்று, நான்கு என்று நீட்டுவதுதான் மருந்து. கையால் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

கார்டு மாற்றத்தை ஆடாசிட்டி காட்டும் விதம் இன்னும் பயனுள்ளது. ஜி, சி இரண்டையும் மாற்றி மாற்றி, அடிக்கு ஒரே ஒரு கீழ்மீட்டல் என்று 60-இல் பதியுங்கள். மாற்றம் மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதற்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அடுத்த அடிக்கு 200 மில்லிசெகண்ட் முன்பே அலை சட்டென்று ஒடுங்கினால் இடதுகை பயந்து சீக்கிரமே கார்டைக் கைவிடுகிறது என்று பொருள். அலை கடைசிவரை நீண்டு, புதிய கார்டு மட்டும் பிந்தி விழுந்தால் விரல்கள் சேர்ந்து இறங்கவில்லை. முதலாவதுக்கு, அடியின் கடைசி நொடிவரை பிடித்திருந்து தாவும் பயிற்சி. இரண்டாவதுக்கு விரல் இறங்கும் வரிசையைப் பார்க்க வேண்டும். சி கார்டில் பலர் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் முதல் கட்டத்தில்) ஆள்காட்டி விரலை ஊன்றிவிட்டு மோதிர விரலைக் கடைசியில் வைக்கிறார்கள். கீழ்மீட்டல் முதலில் தொடுவதோ ஐந்தாம் தந்தி. அதன் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்க வேண்டியது அந்த மோதிர விரல். அது முதலில் இறங்கினால், மற்ற விரல்கள் இம்மியளவு பிந்தினாலும் காதுக்குத் தெரியாது.

ஆள்காட்டி விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் எஃப் பாரே கார்டை ஒரே வீச்சில் மீட்டிப் பதிந்து பயனில்லை, ஆறு தந்திகளும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். விநாடிக்கு ஒரு தந்தியாகத் தனித்தனியே மீட்டுங்கள். நல்ல தந்தியின் அலை விநாடி முழுதும் மெல்லச் சாயும். செத்த தந்தி கால் விநாடிக்குள் குச்சியாக ஒடியும். ஐந்து, நான்கு, மூன்றாம் தந்திகளை வேறு விரல்கள் பிடிப்பதால் ஆள்காட்டி விரல் தாங்கவேண்டியவை ஆறாவது, இரண்டாவது, முதலாவது மட்டும். பெரும்பாலும் சாவது இரண்டாவதோ முதலாவதோ. விரல் மூட்டின் மடிப்புக்குள் தந்தி விழுவதால் வரும் கோளாறு. விரலை இரண்டு மூன்று மி.மீ. மேலோ கீழோ நகர்த்தி, கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி மறுபடி பதிந்தால் வித்தியாசம் படத்திலேயே தெரியும். அழுத்தத்தைக் கூட்டுவது கடைசி வழி.

தன்னைக் குறைசொல்லும் முன் கிட்டாரையும் ஒருமுறை சந்தேகிக்கலாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, அதே வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். திடீரென்று எல்லாத் தந்தியும் பேசினால் தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் நட்டின் வெட்டு உயரமாக இருக்கிறது. மலிவான புதுக் கிட்டார்களில் இது சகஜம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சீவச் சொல்ல வேண்டும், பயிற்சியால் தீராது.

எலெக்ட்ரிக் கிட்டாரில் பெண்டிங் (தந்தியை இழுத்துச் சுருதியை ஏற்றுவது) செய்பவர்களுக்கு, சுருதியை ஹெர்ட்ஸ் கணக்கில் காட்டும், அனலைஸ் மெனுவில் உள்ள ப்ளாட் ஸ்பெக்ட்ரம் ஒரு கண்டிப்பான வாத்தியார். மூன்றாம் தந்தியில் ஏழாம் ஃப்ரெட்டை (293.66 ஹெர்ட்ஸ்) இரண்டு ஃப்ரெட் அளவு இழுத்தால் 329.63-ஐத் தொட வேண்டும். திறந்த முதல் தந்தியின் சுருதியும் அதுதான் என்பதால் காதாலும் ஒப்பிடலாம். இழுத்து நிறுத்திய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தத் திரையின் சைஸ் என்ற இடத்தில் 16384 என்று வைத்து உச்சியைப் பாருங்கள். 320 என்று வந்தால் கால் சுரம் குறைகிறது. தேர்ந்தெடுத்த துண்டு 0.37 விநாடிக்குக் குறைவாக இருந்தால் போதிய ஒலி இல்லை என்று மென்பொருள் மறுக்கும். அரை விநாடி நிறுத்திவைக்கவே முடியாத பெண்டிங் என்றால், அந்த மறுப்பே விடை: இழுக்கும் விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டு விரல்கள் துணைநிற்கவில்லை.

ஒரே தந்தியில் பிக்கை (மீட்டும் வில்லையை) மேலும் கீழும் மாற்றி வாசிக்கும்போது அலையின் உயரங்களையும் பாருங்கள். மேல்வீச்சு கீழ்வீச்சின் பாதி உயரம் என்றால் 6 டெசிபல் குறைவு. தனிச்சுர வாசிப்பில் அது நொண்டுவதாகக் கேட்கும். கார்டு ஸ்ட்ரம்மிங்கில் இதே வித்தியாசம் குறையாகாது. மேல்வீச்சு மூன்று நான்கு தந்திகளைத் தொடுவதே இயல்பு.

மென்பொருளின் குறைகளும் உண்டு. வேகத்தை மட்டும் குறைக்கும் சேஞ்ச் டெம்போவை மைனஸ் 50 சதவீதத்தில் போட்டால் மீட்டலின் கூர்முனை மழுங்கி, சுத்தமான வாசிப்பும் குழம்பியதாகக் கேட்கும். விரல் சத்தமும், தெரியாமல் தொட்ட தந்தியும் கேட்க வேண்டுமென்றால் சேஞ்ச் ஸ்பீட்தான் நல்லது. சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினாலும் முனை கூராகவே இருக்கும். இரண்டும் மூலப் பதிவையே மாற்றிவிடுவதால் முதலில் கன்ட்ரோலும் டியும் அழுத்தி நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். கையின் கோணம், மணிக்கட்டின் இறுக்கம், தோளைத் தூக்கும் பழக்கம் எதுவும் அலையில் தெரியாது. அதற்குப் பக்கத்தில் போனில் வீடியோ ஓடட்டும். நாதம் இனிமையாக இருக்கிறதா என்ற கேள்விக்கும் ஆடாசிட்டியிடம் பதில் இல்லை. பத்து மில்லிசெகண்ட் பிசகைத் துரத்துவது வீண் வேலை.

இலவசத்தில் மாற்று வேண்டுமானால் மேக்கில் கராஜ்பேண்ட் இருக்கிறது. பாட்டு அமைக்க அது ஆடாசிட்டியைவிடச் சுகமானது. ஆனால் அளந்து பார்க்கும் வேலைக்கு ஆடாசிட்டியின் வறட்டுத் திரைதான் வசதி. லூப்பர் பெடல் உடனுக்குடன் திருப்பிக் கேட்கவைக்கும். லூப் முடிந்து தொடங்கும் ஒட்டில் தாளப் பிசகு காதைக் குத்தும். ஆயினும் பணம் செலவு, அளவும் கிடைக்காது.

பதிவு பொத்தான் சிவந்ததும் கை இறுகுவது எல்லோருக்கும் நடக்கும். பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டால் ஓரிரு நிமிடத்தில் மைக் மறந்துபோகும். சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அப்படி மறந்தபின் முதலில் வாசித்ததை. ஏழாவது முறை நன்றாக வந்ததை எடுத்தால் சோதனை பொய்யாகிவிடும். அலையைப் பெரிதாக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த இடத்தில் பிசகியது, முந்தியா, பிந்தியா, எந்தத் தந்தி செத்தது. பிறகு அளந்து பக்கத்தில் குறியுங்கள். இரண்டு பத்திகளும் ஒத்துப்போகாத வரிகள்தான் அடுத்த மாதத்துப் பயிற்சிப் பட்டியல். ப்ராஜெக்ட் கோப்பைத் தேதியோடு சேமித்து, முப்பது நாள் கழித்து அதே வேகம், அதே மைக் தூரத்தில் மறுபடி பதியுங்கள். பழைய தந்தி ஒலி சீக்கிரம் மங்கும் என்பதால் தந்தி மாற்றிய தேதியையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.