கார் யாருடையது: ஒருவரா, குழுவா?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ரெட் புல் அணியின் ஆர்பி19 கார், 2023-இல் 22 பந்தயங்களில் 21-ஐ வென்றது. உடனே எல்லோர் வாயிலும் வந்த பெயர் அந்த அணியின் கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி. கணினி யுகத்திலும் வரைபலகையில் பென்சிலால் கோடு போடுகிறவர், முழுக் காரையும் ஒரே பார்வையில் பார்க்கத் தெரிந்தவர். புகழ் நியாயம்தான். ஆனால் அப்போது அங்கே தொழில்நுட்ப இயக்குநர் பியர் வாஷே. அவர் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்?

போட்டி அணியான மெக்லாரன் வேறு வழி. 2023 மார்ச்சில் அந்த ஒற்றைப் பதவியையே எடுத்துவிட்டு ஏரோடைனமிக்ஸ் (காற்றோட்டத்துக்கேற்ற வடிவமைப்பு), கார் கருத்தாக்கம், பொறியியல் என்று மூவருக்குப் பிரித்தார்கள். அந்த மூவரில் டேவிட் சான்செஸ் வந்த சில மாதங்களிலேயே விலகினார். வேலை நிற்கவில்லை, 2024-இல் அணிப் பட்டம் கிடைத்தது.

புது விதிகள் வரும்போது துணிந்து ஒரு திசையைப் பிடிக்க நியூவி மாதிரி ஒருவர் வேண்டும். சீசன் நடுவே காரைத் தேற்றவோ, குழு முறைதான் மேல். என் ஓட்டு அதற்கே. காரின் மேல் காற்றோட்டத்தைச் சோதிக்கும் விண்ட் டனலில் உழைப்பவருக்கும் அதில்தான் பெயர் கிடைக்க வழியுண்டு.