வெள்ளவத்தை பேக்கரி: பாணுக்காக மட்டும் போகலாம்
கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உள்ள கடை. பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ‘பாண்’ (பிரெட்) என்றே எழுதியிருக்கிறார்கள். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், லத்தீனில் ‘பானிஸ்’. அவர்கள் போன வழியில் ஜப்பானில் ‘பான்’, மும்பையில் ‘பாவ்’. வட இந்தியரிடம் ‘பான்’ கேட்டால் வெற்றிலைதான் வரும். அது ‘பர்ண’, சமஸ்கிருதத்தில் இலை. பாணர் பாடிய நம் பழைய ‘பாண்’ (பாட்டு) என்ற சொல்லுக்கோ இரண்டோடும் உறவில்லை.

சரி, ரோஸ்ட் பாண். பின்னேரம் சுடச்சுட வரும். தோல் நொறுங்கும், உள்ளே பஞ்சு. கட்டைச் சம்பலோடு (மிளகாயும் வெங்காயமும் இடித்தது) சாப்பிடுங்கள், பட்டர் வேண்டாம். மாலு பாண் (மீன் பன்) சுமார், முழுக்க உருளைக்கிழங்கு. சீனிச்சம்பல் (இனிப்பு வெங்காயச் சம்பல்) வைத்த பணிஸில், அதாவது பன்னில், சீனி இருக்கிறது, சம்பலைக் காணோம். இருட்டிய பிறகு போனால் அச்சுப் பாண்தான் (அச்சில் சுட்ட சாதாரண பிரெட்) மிஞ்சும்.