ஊரில் இருக்கும் அம்மாவுக்கு டச் போனா, பட்டன் போனா?

அறுபத்தைந்தைத் தாண்டிய அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். மகன் கோயம்புத்தூரில், மகள் துபாயில். "அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்துவிடலாம், பேத்தியின் முகத்தையாவது பார்ப்பார்" என்கிறாள் மகள். "இருக்கிற பட்டன் போனையே அவர் பாதி நேரம் எடுப்பதில்லை, இதில் டச் போன் வேறு" என்கிறான் மகன். இந்த வாக்குவாதம் நடக்காத வீடு இன்று குறைவு. எங்கள் வீட்டிலும் நடந்தது, அக்கம்பக்கத்திலும் நடந்ததைப் பார்த்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வங்கிக் கணக்கோடு இணைந்த எண், பட்டன் போனை விட்டு வெளியே வரவே கூடாது. டச் போன் வேண்டுமா, எந்த டச் போன் என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொரு போனாக எடுத்துப் பார்க்கலாம்.

கையில் இருக்கும் பழைய பட்டன் போன்

இதை அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் பலருடைய முதல் யோசனை. அதில் நியாயமும் இருக்கிறது. மாடு கறந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தால், ஈரக் கையோடு பச்சைப் பொத்தானை ஒரு அழுத்து அழுத்தினால் போதும். டச் போனில் அதே அழைப்பை எடுக்க விரலை வைத்து மேலே இழுக்க வேண்டும். களையெடுத்துக் காய்த்துப்போன, வறண்ட விரல் நுனியைத் திரை பல நேரம் உணர்வதே இல்லை. அம்மா இழுக்கிறார், திரை அசைய மறுக்கிறது, மணி நின்றுபோகிறது. இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை போனைத் தொடவே மாட்டார். இளைய தலைமுறைக்கு இது விளங்காத சங்கடம்.

ஒரு முறை சார்ஜ் போட்டால் நாட்கணக்கில் நிற்கும். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் சிதறும். பொறுக்கிப் போட்டால் மீண்டும் பேசும். டார்ச் உண்டு, எஃப்.எம். உண்டு, சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் அடங்கும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 2017-க்குப் பிறகு இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர உதவி எண் 112-க்கு அழைப்பு போக வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. அம்மாவின் போனில் எந்தப் பொத்தான் என்று பார்த்துச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அன்றாட அரசு வேலைகளுக்கும் பட்டன் போன் போதவில்லை என்று சொல்ல முடியாது. ரேஷன் கடையில் பொருள் வாங்கியதும் வரும் செய்தி, மின்கட்டணச் செய்தி, வங்கி ஓடிபி, சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் குறியீட்டு எண் எல்லாமே குறுஞ்செய்திதான். சிலிண்டர் பதிவு செய்யவும் ஒரு மிஸ்டு கால் போதும்.

சிக்கல் நெட்வொர்க்கில் இருக்கிறது. பழைய செட் 2ஜி மட்டும் பிடிப்பதாக இருந்தால், ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அந்த நிறுவனம் 2016-இல் தொடங்கியபோதே 2ஜி இல்லாமல்தான் தொடங்கியது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) ஆகியவை 2ஜி சேவையை இன்னும் வைத்திருக்கின்றன. "நம் ஊரில் இந்த டவர்தான் நன்றாக எடுக்கிறது" என்று யாராவது எண்ணை ஜியோவுக்கு மாற்றிவிட்டால், மறுநாள் அம்மாவின் போன் வெறும் டார்ச் ஆகிவிடும்.

4ஜி பட்டன் போன்

நடுவில் இருக்கும் இந்த வகையை யாரும் யோசிப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கடைக்காரர்களும் எடுத்துக் காட்டமாட்டார்கள், லாபம் குறைவு.

உருவத்தில் அதே பட்டன் போன், உள்ளே 4ஜி. பேச்சுத் தெளிவு பழைய செட்டைவிட நன்றாகவே இருக்கிறது. 2023 ஜூலையில் வந்த ஜியோபாரத் 999 ரூபாய்க்கு அறிமுகமானது. 28 நாளுக்கு 123 ரூபாய் பேக், அதோடு யுபிஐ வசதி. ஆனால் ஜியோ சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காது. அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்றால் நோக்கியா 110 4ஜி போன்றவை இருக்கின்றன; விலை கொஞ்சம் கூடும்.

"பட்டன் போனிலேயே வாட்ஸ்அப் வருமாமே" என்று கேட்டுக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2017-இல் ஜியோபோன் வந்ததும், அடுத்த ஆண்டு அதில் வாட்ஸ்அப் வந்ததும் உண்மை. அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஜியோபோன் வகைகளில் இருக்கும் கய்ஓஎஸ் மென்பொருளுக்கு 2024 நடுவிலேயே புதிதாக வாட்ஸ்அப் இறக்க முடியாமல் போனது. அடுத்த ஆண்டு இருந்ததும் நின்றது. பழைய சரக்கை "வாட்ஸ்அப் போன்" என்று விற்றால் வாங்காதீர்கள்.

பட்டன் போனில் பணம் அனுப்ப, ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த யுபிஐ 123பே இருக்கிறது. இணையம் தேவையில்லை, குரல்வழி அழைப்பிலேயே பணம் அனுப்பலாம். அதற்கும் முன்பே வந்த *99# முறையும் இருக்கிறது. காகிதத்தில் இவை அருமையானவை. எங்கள் பக்கத்தில் இவற்றைப் பயன்படுத்தும் வயதானவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எண்ணை அழுத்து, மொழியைத் தேர்ந்தெடு, மீண்டும் அழுத்து, ரகசிய எண்ணைப் போடு என்று நீளும் அந்த அழைப்புக்குப் பொறுமை வேண்டும். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் நோட்டை நீட்டி மீதி வாங்குவது அம்மாவுக்கு எளிது. அதை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

புதிய டச் போன்

மகள் பக்கத்து வாதத்துக்கு வருவோம். டச் போனுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் பெரும்பாலானவை அம்மாவுக்குப் பொருந்தாதவை. கேமரா எத்தனை மெகாபிக்சல், 5ஜி உண்டா, திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் வாங்கிக் கொடுப்பவருடைய ஆசைகள். அம்மாவுக்கு உண்மையாகப் பயன்படுபவை இரண்டு. ஒன்று, வீடியோ அழைப்பு. மற்றொன்று, அதைவிடவும் அதிகம் பயன்படும் குரல் செய்தி. மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசிவிட்டு விரலை எடுத்தால் போய்விடும். எழுதப் படிக்கத் தடுமாறுபவர்கூட ஒரே மாலையில் கற்றுக்கொள்கிறார். அதன் பிறகு பேரனுக்குப் பரீட்சை என்றால் ஒரு செய்தி, மழை பெய்தால் ஒரு செய்தி, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டால் ஒரு செய்தி. தனியாக இருப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே டச் போன் வாங்கலாம் என்பேன்.

ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு இன்னொரு காரணம் சொல்வார்கள். உயிர்வாழ் சான்றை முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுக்கும் வசதி 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலை. தீபாவளியை ஒட்டி ஊருக்கு வரும் மகனுடைய போனிலேயே முடித்துவிடலாம்.

விலையைப் பொறுத்தவரை, எல்லோரும் போனின் விலையைத்தான் பார்க்கிறார்கள். ரீசார்ஜைக் கணக்குப் போடுவதில்லை. தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் பேக் 300 ரூபாயை ஒட்டி வருகிறது. ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும், 3,900 ரூபாய். இரண்டே ஆண்டில் 7,800. போனின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பட்டன் போனுக்கு இந்தச் சுமை இல்லை. இணையம் இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனிப் பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்த பிறகு, ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய்க்கும், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய்க்கும் அப்படிப்பட்ட பேக்குகளை 2025 ஜனவரியில் வெளியிட்டன. விலை மாறியிருக்கலாம், வகை இருக்கிறது. கடைக்காரர் அதைத் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

புதிதாக வாங்குவதென்றால் 2 ஜிபி ராம் (செயலிகள் ஓடுவதற்கான நினைவகம்) உள்ள போனைத் தொடாதீர்கள். வாங்கிய அன்று ஓடும். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்கள் நிறைய நிறைய, அழைப்பு மணி அடித்த பிறகுதான் திரை விழிக்கும். 4 ஜிபி என்பதைக் குறைந்த அளவாக வையுங்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கடையிலேயே கேட்டுப் பாருங்கள். விலை குறைந்த டச் போன்கள் பலவற்றின் மணி, பட்டன் போன் எழுப்பும் ஓசைக்குப் பக்கத்தில்கூட வராது. கொல்லைப்புறத்தில் இருக்கும் அம்மாவுக்கு அது கேட்க வேண்டும்.

மகனுடைய பழைய போன்

"நான் புதிது வாங்குகிறேன், என்னுடையதை அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம்" என்பது சிக்கனமான யோசனை. மூன்று வருடத்துக்கு முன் இருபதாயிரம் கொடுத்து வாங்கிய போன், இன்று எட்டாயிரத்துக்குக் கிடைக்கும் புதிய போனைவிடத் திரையிலும் வேகத்திலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பேட்டரி தளர்ந்திருக்கும். கொடுப்பதற்கு முன் நல்ல பேட்டரியாக மாற்றிக் கொடுங்கள். பின்மூடி லேசாக உப்பியிருந்தால் அந்த போனை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது, முழுக்க அழித்துவிட்டுக் கொடுப்பது. மகனுடைய மின்னஞ்சல், வங்கிச் செயலி, கூகுள் கணக்கு எல்லாம் அப்படியே இருக்க, "அம்மாதானே" என்று கொடுத்துவிடுவார்கள். பிறகு அம்மா எதையோ தட்ட, மகனுடைய அட்டையில் பணம் போகும். ரீசெட் செய்வதற்கு முன்பே பழைய கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். இல்லையென்றால் திறக்கும்போது அந்தக் கணக்கையே கேட்டுக்கொண்டு நிற்கும்.

வீட்டுப் போனாக இல்லாமல் சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால், *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு அந்த எண் என 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா என்று பதில் வரும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஏன் இரண்டு போன் என்கிறேன்

இப்போது முதலில் சொன்னதற்கு வருகிறேன்: வங்கியோடு இணைந்த எண் பட்டன் போனிலேயே இருக்கட்டும், டச் போன் தனியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வருகிறது. இல்லையென்றால் போக்குவரத்து அபராதம் என்று வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், அவருடைய போனும் ஏற்கெனவே சிக்கியிருக்கும். பெயரின் முடிவில் ஏபிகே என்று இருக்கும். தொட்டால் படம் திறக்காது, ஒரு செயலி நிறுவப்படும். குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்கும், அம்மா "சரி" என்பதை அழுத்துவார். அதன் பிறகு வங்கி ஓடிபி அம்மாவின் கண்ணில் படும் முன்பே வேறொருவருக்குப் போய்விடும்.

"தெரியாததைத் தொடாதே" என்று எத்தனை முறை சொன்னாலும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைத் தொடாமல் எந்த அம்மா இருப்பார்? அறிவுரையை நம்புவதைவிட ஏற்பாட்டை நம்பலாம். வங்கி எண் பட்டன் போனில் இருந்தால், டச் போனுக்குள் எந்தத் திருட்டுச் செயலி புகுந்தாலும் படிப்பதற்கு அங்கே ஓடிபி இருக்காது. டச் போனில் வேறு எண், வாட்ஸ்அப் மட்டும். யுபிஐ செயலி கிடையாது. அந்த எண்ணைக் குடும்பத்தாருக்கு மட்டும் கொடுங்கள். "சிபிஐ பேசுகிறோம்" என்று வரும் மிரட்டல் அழைப்புகளும் குறையும். மீறி ஏதாவது நடந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

"ஒன்றையே பார்த்துக்கொள்ள முடியாதவர் இரண்டை எப்படிப் பார்த்துக்கொள்வார்" என்று மகன் கேட்பான். நான் பார்த்தவரை இது பிரச்சினையாக வந்ததில்லை. பட்டன் போன் இடுப்பில் கூடவே போகிறது. டச் போன் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜர் வயரோடு கிடக்கிறது, சாயங்காலம் பேத்தி அழைக்கும் நேரத்துக்குக் கைக்கு வருகிறது. ஒரு காலத்தில் கூடத்தில் இருந்த லேண்ட்லைன் போல அதற்கு ஓர் இடம் அமைந்துவிடுகிறது.

இரண்டு ரீசார்ஜ் செலவு உண்மைதான். கையில் அவ்வளவு இல்லை என்றால் 4ஜி பட்டன் போனை மட்டும் வாங்குங்கள். வீடியோ அழைப்புக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் இருக்கிறது. மகளிர் குழுவை நடத்துபவர், சிறு கடை வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியை போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அவர்கள் பணம் வாங்கவும் கொடுக்கவும் யுபிஐ வேண்டும், அவர்களை விவரம் தெரியாதவர்களாக நடத்துவது மரியாதையும் அல்ல. அவர்கள் நல்ல டச் போன் ஒன்றை வாங்கி, அதில் இணைக்கும் கணக்கில் மட்டும் சிறிய தொகையாக வைத்துக்கொண்டால் போதும். சேமிப்புப் பணம் வேறு கணக்கில், வேறு எண்ணில் இருக்கட்டும்.

வாங்கப் போகும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புதிய சிம்மை அம்மாவின் பெயரிலேயே எடுங்கள். சிம்மைப் பிய்த்தெடுக்கும்போது மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சில பட்டன் போன்களில் சிம் குழி இன்னும் பழைய பெரிய அளவில்தான் இருக்கிறது.