அக்காவின் பின்னலில் வளர்ந்த வைரம்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அக்காவின் தலைமுடியிலிருந்து வளர்க்கப்பட்ட வைரத்தை ஐந்து ஆண்டுகளாக மோதிரத்தில் அணிந்திருக்கிறேன். கால் காரட்டுக்குச் சற்றுக் குறைவான கல். நிறம் அடர்ந்த மஞ்சள். இத்தகைய நினைவு வைரங்களைப் பற்றி வாங்கிய புதிதில் எழுதப்பட்ட பாராட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. பெட்டியைத் திறக்கும் அன்று எல்லாருக்கும் கண் கலங்கும். அதை வைத்து எதையும் எடைபோட முடியாது. நாள்தோறும் கை கழுவி, பாத்திரம் துலக்கி, இழுப்பறை விளிம்பில் இடித்துக்கொண்டு வாழ்ந்த பிறகு சொல்ல வேண்டியவை வேறு. போனவரின் முடியைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிகிச்சை தொடங்கினால் முடி கொட்டிவிடும் என்று மருத்துவர் சொன்னதும், அக்கா முந்திக்கொண்டு பின்னலை வெட்டிக்கொண்டாள். அப்படி முழுப் பின்னல் கிடைத்தது எங்களுக்கு வாய்த்த ஒன்று. ஆனால் அவ்வளவு தேவையில்லை. முடியின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம், அதாவது கார்பன். கால் காரட் என்பது வெறும் 50 மில்லிகிராம். சுத்திகரிப்பிலும் வளர்ப்பிலும் பட்டை தீட்டுவதிலும் பெரும்பகுதி இழப்பாகப் போய்விடுவதால், சில கிராம் முடி கேட்கிறார்கள். முடி வேரோடு இருக்க வேண்டும் என்பதில்லை. தேவைப்படுவது மரபணு அல்ல, கரிமம். சீப்பில் சிக்கிய முடியைச் சேர்த்து வைத்திருந்தாலும் பயன்படும். அஸ்தியிலிருந்தும் இதே வைரத்தைச் செய்கிறார்கள்; ஆனால் அஸ்தியின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட்தான், கரிமம் அதில் மிகச் சொற்பம். அந்த வகையில் முடி நல்ல மூலப்பொருள்.

முடி கல்லாகும் விதத்தைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. முதலில் காற்றுப் படாமல் சூடாக்கிக் கரியாக்குகிறார்கள். பிறகு இன்னும் கடுமையான வெப்பத்தில் மற்றப் பொருள்களை நீக்கிக் கிராஃபைட் ஆக்குகிறார்கள். அந்தக் கிராஃபைட்டை இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகத்தோடும், விதையாக ஒரு நுண்ணிய வைரத் துணுக்கோடும் அழுத்த எந்திரத்துக்குள் வைக்கிறார்கள். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல். வெப்பம் 1300 டிகிரி செல்சியஸுக்கும் மேல். உருகிய உலோகத்தில் கரைந்த கரிமம், விதைமேல் அடுக்கடுக்காகப் படிந்து வளர்கிறது. இது புதிய வித்தையும் அல்ல. 1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் வைரம் செய்து காட்டியதன் வழிவந்த முறைதான். என் கல்லின் ஓரத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. வளரும்போது உள்ளே மாட்டிக்கொண்ட உலோகத் துளி அது. சிலர் அதைக் குறை என்பார்கள். எனக்கு அந்தப் புள்ளி பிடித்திருக்கிறது. ஆயிரம் மஞ்சள் கற்களுக்கு நடுவே வைத்தாலும் இதை எடுத்துவிடுவேன்.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் நைட்ரஜன். படிகம் வளரும் இடத்தில் காற்றிலிருந்து புகுந்து தங்கிவிடும் நைட்ரஜனே கல்லை மஞ்சளாக்கப் போதும். நிறமற்ற கல் வேண்டுமென்றால் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் அலுமினியம், டைட்டானியம் போன்றவற்றைச் சேர்க்க வேண்டும், வளர்ச்சியும் மெதுவாகும். நீலத்துக்கு போரான் சேர்க்கிறார்கள். பச்சை, சிவப்பு எல்லாம் வளர்ந்த கல்லுக்குப் பின்னர் கதிர்வீச்சும் வெப்பமும் கொடுத்து வரவழைப்பவை. அவளுக்குப் பிடித்த நிறம் நீலம். ஆனாலும் நான் மஞ்சளையே கேட்டேன். கூடுமானவரை எதையும் கூட்டாமல் குறைக்காமல் வளரட்டும் என்று நினைத்தேன். இன்றும் அந்த முடிவில் எனக்கு நிறைவு உண்டு.

இனி, எல்லாரும் கேட்கத் தயங்கும் கேள்வி. இது உண்மையிலேயே அவளுடைய கரிமம்தானா? கல்லைச் சோதித்து இதற்கு விடை காண முடியாது. மரபணு முதல் சூட்டிலேயே அழிந்துவிடுகிறது. மிஞ்சும் கரிம அணுவில் யாருடைய அடையாளமும் எழுதப்பட்டிருப்பதில்லை. 2007இல் லைஃப்ஜெம் என்ற அமெரிக்க நிறுவனம் பீத்தோவனின் முடியிலிருந்து வைரம் செய்தது. 2023இல் வேறு ஆய்வாளர்கள், பீத்தோவனுடையவை என்று காலங்காலமாகப் பாதுகாக்கப்பட்ட எட்டு முடிக்கற்றைகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஐந்துதான் அவருடையவை என்று கொள்ளத்தக்கவையாக இருந்தன. பெயர்பெற்ற ஒரு கற்றை ஒரு பெண்ணின் முடி என்று தெரியவந்தது. முடி முடியாக இருந்ததால்தான் அதையாவது கண்டுபிடிக்க முடிந்தது. கல்லான பின் அந்தக் கதவு மூடிவிடுகிறது. ஆகவே நாம் பணம் கொடுப்பது கல்லுக்கு மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தின் நாணயத்துக்கும்தான். இதை ஏற்றுக்கொள்ள மனம் வராதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன். கல்லைப் பார்க்கும்போதெல்லாம் சந்தேகம் அரித்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

நான் அணுகிய நிறுவனம் விளம்பரத்தில் "முழுக்க உங்கள் அன்புக்குரியவரின் கரிமம்" என்றது. ஒப்பந்தத்தின் உள்ளே சிறிய எழுத்தில், கரிமம் போதாதபோது வேறு கரிமம் சேர்க்கப்படலாம் என்றிருந்தது. அந்த வரியை நீக்கி, சேர்ப்பதானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து என் சம்மதம் பெற வேண்டும் என்று மாற்றி எழுதித் தரக் கேட்டேன். தந்தார்கள். ஆனால் சொன்ன காலத்தைவிட மாதக்கணக்கில் தாமதம். ஒருமுறை வளர்ப்பு தோற்றுவிட்டது என்பதைக்கூட நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வளர்ப்பு தோற்பது இயல்பு. அதை மறைத்தது தவறு. இழப்பில் இருப்பவர்களைக் காத்திருக்க வைக்கிறவர்களுக்கு அந்த அக்கறை இருக்க வேண்டும். முடி வந்து சேர்ந்ததும் எடையும் எண்ணும் குறித்த ரசீது, கரியானதும் புகைப்படம், எந்திரத்தில் வைத்த நாள், மிச்சக் கரிமத்தைத் திருப்பித் தருவார்களா என்ற விவரம், இவற்றையெல்லாம் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். சான்றிதழ் தரும் ஆய்வகம் இது வளர்க்கப்பட்ட வைரம் என்பதையும் எடை, நிறம் முதலியவற்றையும் மட்டுமே உறுதிசெய்யும். யாருடையது என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது.

அணிகலனாக எப்படி என்றால், குறையே சொல்ல மாட்டேன். நிறமும் ஒளியும் முதல் நாளில் இருந்தபடியே இருக்கின்றன. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை ஒட்டும் குணம் உண்டு. சோப்பும் களிம்பும் அடியில் படிந்து கல் மங்கியதுபோல் தோன்றும். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பழைய பல்துலக்கியால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும், பளிச்சென்றாகிவிடும். கவலைப்பட வேண்டியது கல்லைவிட, அதைப் பிடித்திருக்கும் உலோகக் கட்டடத்தைப் பற்றித்தான். முதலில் நான்கு கால்கள் பிடிக்கும்படி பதித்திருந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு கால் துணியில் மாட்டி வளைந்து, கல் ஆடத் தொடங்கியது. அன்று நெஞ்சு படபடத்தது இப்போதும் நினைவிருக்கிறது. பிறகு சுற்றிலும் உலோக விளிம்பு கட்டி மாற்றிவிட்டேன். கல்லுக்குள் புகும் ஒளி கொஞ்சம் குறைந்தது, நிம்மதி கூடியது. வைரம் கீறல் படாது, ஆனால் குறிப்பிட்ட தளங்களில் அடி விழுந்தால் பிளக்கும். விளிம்பு கட்டுவது அதற்கும் காப்பு. மோதிரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டுத் தீயைக் காட்டச் சொல்லுங்கள். வைரம் கரிமம்தானே, நேரடித் தீயில் மேற்பரப்பு வெந்து வெளுத்துவிடும்.

மனத்துக்கு என்ன செய்தது? முதல் ஆண்டு ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது பல நாள் கவனிப்பதுகூட இல்லை. ஏதோ கையெழுத்துப் போடும்போது வெளிச்சம் பட்டுச் சட்டென்று மின்னும், அவள் நினைவு வரும், வேலை தொடரும். துக்கம் குறைந்ததற்கு இந்தக் கல் காரணம் என்று சொல்ல மாட்டேன், அதைக் காலம்தான் செய்தது. ஆனால் அவளைப் பற்றிப் பேச இது வழிவிட்டது. மஞ்சள் கல்லைப் பார்த்து யாராவது கேட்பார்கள், நான் அவள் பெயரைச் சொல்வேன். அந்தப் பெயரை உரக்கச் சொல்லக் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பும் எனக்கு வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. "இதில் அவள் வாசனை இல்லையே" என்று ஒரே ஒரு முறை சொன்னார், பிறகு பேசவில்லை. அவர் சொன்னது சரி. பின்னலில் பாதியை அனுப்பாமல் வைத்திருந்தோம், அது அம்மாவிடம் இருக்கிறது. முடி முழுவதையும் அனுப்பிவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். கல்லிலிருந்து முடிக்குத் திரும்ப வழியில்லை. வீட்டில் ஒவ்வொருவரின் துக்கமும் ஒவ்வொன்றைப் பற்றிக்கொள்ளும்.

கடைசியாக, ஆவணங்கள். கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண், ஒப்பந்தம், ரசீதுகள், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். விற்றால் இதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, தாள்கள் தொலைந்தால் இது ஒரு சின்ன மஞ்சள் வைரம், அவ்வளவுதான். அதனால் யாருடைய முடி, எப்போது வெட்டியது, யார் வெட்டியது என்பதை என் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி உறையில் சேர்த்து, நகலை அக்கா மகளிடம் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பிறகு மோதிரம் அவளுக்குத்தான்.