விடுமுறைப் பையில் எந்த ரேடியோ: ஹேண்டியா, 10 வாட் பெட்டியா?

மே மாதம் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டில் இரண்டு பயணங்கள் உறுதி. ஒன்று ஏற்காடு அல்லது வால்பாறை, மூன்று நாள். இன்னொன்று காங்கேயம் பக்கம் மாமனார் தோட்டத்தில் ஒரு வாரம். காரின் டிக்கியில் என் ஹாம் ரேடியோவுக்கு (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வயர்லெஸ்) கிடைப்பது ஒரு பள்ளிக்கூடப் பை வைக்கும் இடம். அந்தப் பைக்குள் எது போக வேண்டும் என்று ஆறு வருடமாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். இப்போது போவது எச்.எஃப் என்னும் சிற்றலையில் பேசும் 10 வாட் பெட்டி ஒன்றும் அதற்கு ஆன்டெனாவாக 66 அடி வயரும். பக்கவாட்டு ஜிப்பில் ஹேண்டி என்னும் கையடக்க வாக்கி டாக்கியும் வருகிறது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் யோசிக்காமல் எச்.எஃப் பெட்டியைத்தான் எடுப்பேன்.

வீட்டு மேசையில் இருக்கும் 100 வாட் ரிக், அதாவது பெரிய ரேடியோப் பெட்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முழு சக்தியில் பேசினால் 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கான பேட்டரியோ பவர் சப்ளையோ சேர்ந்தால் பை போதாது. 100 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு இறங்குவதால் எதிர்முனையில் குறைவது 10 டெசிபல். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் அது இரண்டு புள்ளிக்கும் குறைவு. அந்த இரண்டு புள்ளிக்காக நாலு கிலோ சுமக்கத் தேவையில்லை.

ஹேண்டிக்கு வருவோம். கால் கிலோ எடை, செல்போன் மாதிரி சார்ஜ், பையிலிருந்து எடுத்தவுடன் பேசலாம். உயரமான இடத்தில் அதற்கு இணை கிடையாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழே சேலம் 300 மீட்டருக்குள். கணக்குப் போட்டால் ஹேண்டி பேசும், நேர்கோட்டில் போகும் வி.எச்.எஃப் அலைக்குத் தொடுவானம் 140 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. சேர்வராயன் கோயில் மேட்டில் நின்றுகொண்டு 5 வாட்டில் ஈரோட்டு நண்பரோடு பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசுவது போலப் பேசியிருக்கிறேன். அதே மேட்டில் ஒரு மாலை என் மகள் 145.800 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்டாள். வானத்தில் அது கடக்கும் பத்து நிமிடத்துக்குள் வரும் அந்தக் குரலைக் கேட்க ஒரு குழந்தைக்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஆனால் மேட்டை விட்டு இறங்கினால் கதை மாறுகிறது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போனாலும், அங்கே தங்கும் இடம் பெரும்பாலும் தேயிலைச் சரிவின் மடியில்தான். சுற்றிலும் மலை விளிம்பு. ஹேண்டியை ஆன் செய்தால் இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது. மாமனார் தோட்டம் நேர் எதிர், தட்டையான மேட்டுநிலம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையம்) திறக்கும், கட்டிலில் உட்கார்ந்தால் திறக்காது. விடுமுறை நாளில் தொட்டி மேலேயே உட்கார்ந்திருக்க முடியுமா?

எச்.எஃப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தாழ்வாகக் கட்டிய வயரிலிருந்து அனுப்பினால், அது நேரே மேலே ஏறி அயனி மண்டலத்தில் பட்டுக் குடை விரித்தது போல நாலாபுறமும் இறங்கும். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அது மேலிருந்துதான் வருகிறது. வால்பாறையில் ஹேண்டி ஊமையாகக் கிடந்த அதே வராந்தாவிலிருந்து, காலை ஏழரை மணிக்கு சென்னை, பெங்களூரு, ஐதராபாத் மூன்றும் அரை மணி நேரத்தில் கிடைத்தன. மாலையில் 14 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால் ஐரோப்பா. சூரியனின் சுறுசுறுப்பு கூடினால் எச்.எஃப்பின் மேல் பட்டைகள் தூரம் போகும். 25ஆவது சூரியச் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. அதையொட்டிய வருடங்களில் 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் 10 வாட்டுக்குக் கிடைக்கும் மரியாதை தனி.

பெட்டியைப் பொறுத்தவரை எனக்கு அனுபவம் ஒரே வகையில்தான். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் என்னுடையது, சுமார் 10 வாட். போர்டு வாங்கி நானே பெட்டியில் அடைத்தது. ஏதாவது போனால் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம், பயணத்துக்கு அது பெரிய தைரியம். ஐகாமின் ஐ.சி.705 ஒன்றை நண்பரிடம் ஒரு மாலை மட்டும் இயக்கிப் பார்த்தேன். எச்.எஃப்போடு வி.எச்.எஃப்பும் அதிலேயே இருக்கிறது. சொந்த பேட்டரியில் 5 வாட், வெளி மின்சாரத்தில் 10 வாட். அதை வாங்கினால் இந்த அலசலே தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு மாலை அனுபவத்தை வைத்து நான் மறுத்துப் பேச மாட்டேன், ஆனால் அந்த விலைப் பொருளை மலைமழையில் தூக்கித் திரிய எனக்கு மனம் வராது.

சரி, இனி முக்கியமான விஷயம். விடுமுறையில் எச்.எஃப் உருப்படுமா இல்லையா என்பதை முடிவு செய்வது பெட்டியே அல்ல, வயர்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வயரை மேலேற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்பது.

முதல் இரண்டு வருடம் டைபோல் என்னும், நடுவில் இணைப்புத் தரும் இரண்டு கை வயர் ஆன்டெனாவை எடுத்துப்போனேன். 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு கைக்கும் 33 அடி, நடுவில் கோஆக்ஸ் கேபிள் தொங்கும். நடுப்புள்ளி உயரத்தில் நிற்க வேண்டும், இரண்டு முனைக்கும் இரண்டு இடம் வேண்டும், கேபிளின் பாரம் நடுவைக் கீழே இழுக்கும். கட்டி முடிக்க முக்கால் மணி, அவிழ்க்க அரை மணி. மூன்று நாள் பயணத்தில் அது குடும்பத்திடமிருந்து எடுத்த நேரம். ஏற்காட்டில் ஒருமுறை நான் கீழே இறங்கி வந்து பார்த்தபோது எல்லோரும் ஏரிக்குப் போய்ப் படகு சவாரி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. டைபோலைப் பயணத்தில் கட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அதற்குப் பதில் இப்போது இருப்பது ஒரு முனையில் மட்டும் இணைப்புத் தரும் அரை அலை வயர். எண்ட் ஃபெட் என்போம். அரை அலை நீளமுள்ள வயரின் முனையில் மின்மறுப்பு இரண்டாயிரம் ஓம்களுக்கு மேல் இருக்கும். ரிக் எதிர்பார்ப்பது 50 ஓம். நடுவில் 49க்கு 1 என்ற விகிதத்தில் ஒரு ஃபெரைட் வளைய டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 50 ஓம் 2,450 ஆகிறது, கணக்கு சரியாகிவிடுகிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, அதிலிருந்து 66 அடி வயர், அவ்வளவுதான் ஆன்டெனா. 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய வயர் அதன் மடங்குகளான 14, 21, 28 ஆகியவற்றிலும் எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனா பொருந்தாமல் சக்தி திரும்பி வரும் அளவு) தொந்தரவு இல்லாமல் வேலை செய்கிறது. ரிக் வராந்தா மேசையிலேயே இருக்கலாம். தூர முனை மட்டும் உயரத்துக்குப் போனால் போதும்.

மொத்தம் பன்னிரண்டு நிமிடம். பலமுறை கடிகாரம் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பெட்டி பிரித்து முகம் கழுவி டீக்கு உட்காரும்போது நானும் கூட உட்கார்ந்திருப்பேன்.

எந்த மரத்தில் ஏற்றுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். வேம்பும் புளியும் இருந்தால் கவலையில்லை, நூலில் 200 கிராம் ஈயக்குண்டு கட்டிக் கிளை மேல் எறிந்தால் போதும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் நெடுநெடுவென்று நிற்கும். ஆனால் மிளகுக் கொடி ஏறியிருந்தால் தொடக் கூடாது, தோட்டக்காரரிடம் கேட்காமல் காப்பிச் செடிக்குள் கால் வைக்கவும் கூடாது. டாப்ஸ்லிப் மாதிரி புலிகள் காப்பகத்துக்குள் நான் வயரை எடுப்பதே இல்லை. அங்கே வனத்துறையினர் கையில்தான் வயர்லெஸ் இருக்க வேண்டும், நம் கையில் பார்த்தால் கேள்வி கேட்பது நியாயம். பண்ணாரி போன்ற சோதனைச் சாவடி வழியாகப் போனால் உரிமத்தின் நகல் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஹேண்டியோ எச்.எஃப்போ, மத்திய அரசின் அமெச்சூர் உரிமம் இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது. இதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் தென்னை. தென்னையில் கிளை ஏது? முதல் வருடம் மாமனார் தோட்டத்தில் கிணற்றைச் சுற்றி நிற்கும் தென்னைகளில் நான் குண்டு எறிந்து எறிந்து பார்த்தேன், மட்டையில் விழுந்து விழுந்து வழுக்கி வந்தது. சாளை (தோட்டத்து வீடு) திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்தார்.

"ஏனுங் மாப்ள, தென்னையில எறிஞ்சா நிக்காதுங்க. தேங்காய் போடற தொரட்டி இருக்குது, அதோட நுனியில கட்டி மரத்தோட சேத்து நிறுத்திப்போடுங்க."

முப்பது அடி மூங்கில் தொரட்டி. நுனியில் வயரைக் கட்டி மரத்தண்டோடு இரண்டு இடத்தில் கயிற்றால் இறுக்கினால் காற்றுக்கும் அசைவதில்லை. இன்று வரை அந்தத் தோட்டத்தில் என் கம்பம் அதுதான். ஒரே எச்சரிக்கை: தொரட்டி சாய்ந்தால் எங்கே விழும் என்று பார்த்து, மோட்டார் லைனிலிருந்து அந்த நீளத்தைவிட அதிகம் தள்ளி நிறுத்துங்கள்.

வயர் கட்ட இடமே இல்லாத பயணங்களும் உண்டு. விமானத்தில் போனால் பேட்டரியைக் கவனித்தால் போதும். 12.8 வோல்ட், 6 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 77 வாட் மணிக்குள் வருகிறது. 100 வாட் மணி வரை கைப்பையில் கொண்டுபோக அனுமதி உண்டு, சரக்குப் பெட்டியில் தனி பேட்டரி கூடாது. கப்பல் வேறு விஷயம். நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டின் சட்டம்தான், அதோடு கேப்டனின் சம்மதமும் வேண்டும். கரையோரம் வந்தால் அந்தக் கரை நாட்டின் அனுமதி. பல ஐரோப்பிய நாடுகள் ஒருவர் உரிமத்தை மற்றவர் ஏற்கும் சி.ஈ.பி.டி ஏற்பாட்டில் இந்தியா இல்லை என்பதால், நம் கால்சைனோடு (உரிமத்தில் தரும் அடையாளக் குறி) அங்கே போய் நேராகப் பேசிவிட முடியாது. சில கப்பல் நிறுவனங்கள் ஹாம் கருவியைத் தடைப் பட்டியலிலேயே வைத்திருக்கின்றன, முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

எனக்குக் கப்பல் அனுபவம் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போய்வந்த ஒரே தடவைதான். ஹாம் உலகில் வி.யு.7 என்று தனி நாடு போலக் கணக்கிடப்படும் தீவுகள், ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனால் அங்கிருந்து பேசத் தனி அனுமதி வேண்டும், என்னிடம் இல்லை. கையடக்கச் சிற்றலை ரேடியோ ஒன்றோடு மேல்தளத்தில் உட்கார்ந்து கேட்டேன். கப்பலின் உள்ளே இரும்பும் மின் இரைச்சலும் எதையும் விடவில்லை, திறந்த தளத்தில் மட்டும் அருமை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்த எச்.எஃப் கருவிகள் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பும் வழியானது. தீவுப் பயணத்துக்கு அனுமதி வாங்கும் சிரமத்தை ஒருநாள் ஏற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

எச்.எஃப்புக்கு உள்ள ஒரே உண்மையான குறை இரைச்சல். ஹேண்டி எஃப்.எம் என்பதால் அதற்கு இது பெரிதாகத் தெரியாது. மலிவு எல்.இ.டி பல்பு, சோலார் இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸில் கொட்டும். தங்கும் விடுதியில் அறையின் மெயின் சுவிட்சை அணைத்து பேட்டரியில் ஓட்டுவேன், பாதி தீரும். தோட்டத்தில் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) பக்கம், வெள்வேலா மரத்தடியில், ரேடியோவுக்கு அவ்வளவு அமைதியான இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே நொடிக்கொரு தரம் டக், டக் என்று ஒரு சத்தம். இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தேன்: காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் வேலியின் துடிப்பு.

மாமாவிடம் ஒருமுறை சொன்னேன், அணைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போன மே மாதம் காலை ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டியபோது அந்த டக் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால், வேலிப் பெட்டிக்குப் பக்கத்தில் துண்டை விரித்து மாமா உட்கார்ந்திருந்தார், நான் பேசி முடித்ததும் மறுபடி போடுவதற்காக.