கணினியிலிருந்து மாடுலர் சிந்தசைசரின் ஸ்ருதியை ஓட்டுவது: ஈ.எஸ்.-8 நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸின் ஈ.எஸ்.-8, யூரோராக் (தனித்தனி மாடியூல்களைப் பேட்ச் கார்டால் இணைத்து இசைக்கும் மாடுலர் சிந்தசைசர் வடிவம்) கேஸுக்குள்ளேயே திருகி மாட்டும் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ். எட்டு அவுட்புட், நான்கு இன்புட், எல்லாமே டி.சி. கப்பிள்டு, அதாவது நிலையான வோல்டேஜும் அப்படியே கடந்து போகும். மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரை தரும். ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டரின் ஸ்ருதியைக் கணினியிலிருந்து நேராக ஓட்ட இது தாராளமாகப் போதும். ஆனால் ஸ்ருதி சுத்தமாக நிற்பதா, விலகுவதா என்பது இந்தப் பெட்டியைவிட அதன் முன்னும் பின்னும் இருப்பவற்றைப் பொறுத்தது.

யூரோராக்கில் ஸ்ருதியைக் கட்டுப்படுத்துவது சி.வி. (கன்ட்ரோல் வோல்டேஜ்): 1 வோல்டுக்கு ஓர் ஆக்டேவ். அதாவது ஒரு செமிடோனுக்கு 83.3 மில்லிவோல்ட், ஒரு சென்டுக்கு (செமிடோனில் நூறில் ஒரு பங்கு) வெறும் 0.83 மில்லிவோல்ட். இரண்டு ஆஸிலேட்டர் சேர்ந்து ஒலிக்கும்போது ஐந்து சென்ட் விலகினாலே காதில் உறுத்தும். அது நான்கு மில்லிவோல்ட் சமாச்சாரம். வழக்கமான ஆடியோ இன்டர்ஃபேஸின் அவுட்புட்டில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். நிலையான வோல்டேஜ் அதைத் தாண்டாது. அதில் சி.வி. அனுப்பினால் சுரம் தொடங்கிய கையோடு சரிய ஆரம்பித்துவிடும். டி.சி. கப்பிள்டு வெளி இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் அவுட்புட் பாலன்ஸ்டா (சிக்னலுக்கு இரண்டு கம்பிகள் உள்ளதா) என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலன்ஸ்டு என்றால் பிளக்கின் நடு வளையமான ரிங்கை எதிலும் இணைக்காமல் விட்ட கேபிள்தான் பாதுகாப்பு. மோனோ கார்டு செருகினால் ரிங் தரையோடு ஷார்ட் ஆகும்.

மிடி சுரக் கட்டளைகளை சி.வி.யாக மாற்றும் பழைய கன்வெர்ட்டர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நழுவும் வழுக்கலில் தெரிகிறது. 10 வோல்டை 12 பிட்டில் பிரித்தால் ஒரு படி 2.44 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட மூன்று சென்ட். மெதுவான கமகத்தில் அந்தப் படிகள் கேட்கும். 24 பிட் ஆடியோவாகவே சி.வி. போகும்போது வளைவு வளைவாகவே வருகிறது.

மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஏபிள்டன் லைவ் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளில் மேக்ஸ் ஃபார் லைவ் நீட்சி இருந்தால் சி.வி. டூல்ஸ், பிட்விக்கில் அதற்கென்றே சி.வி. கருவி உள்ளது, அளவுத்திருத்தத்துக்கு (அனுப்பும் வோல்டேஜைச் சரியான ஸ்ருதிக்குப் பொருத்துவதற்கு) சைலன்ட் வே. எதை எடுத்தாலும் சி.வி. ட்ராக்கின் ஃபேடர் சரியாக 0 டெசிபலில் நிற்க வேண்டும். 0.1 டெசிபல் இறங்கினாலே ஆக்டேவுக்கு 14 சென்ட் சுருங்கும். பான் (இடது-வலது இடம்) நடுவில் இருந்தால், நடுச் சிக்னலைக் குறைக்கும் பான் லா தன் பங்குக்கு மூன்று டெசிபலோ அதற்கு மேலுமோ வெட்டலாம். அதனால் மோனோ அவுட்புட்டுக்கே அனுப்புங்கள். மாஸ்டர் ட்ராக், லிமிட்டர் எதன் வழியாகவும் போகக் கூடாது. அந்தச் சேனல் தவறியும் ஸ்பீக்கருக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; நிலையான வோல்டேஜ் வூஃபர் காயிலைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

அளவுத்திருத்தத்தில் சைலன்ட் வே தனி ரகம். ஆஸிலேட்டரின் அவுட்புட்டை ஈ.எஸ்.-8-இன் இன்புட்டில் செருகினால், வோல்டேஜை மாற்றி மாற்றி அனுப்பி, திரும்பி வரும் ஸ்ருதியை அளந்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதற்கு முன் ஆஸிலேட்டரின் ஸ்கேல் ட்ரிம்மரை, அதாவது ஆக்டேவ் அகலத்தைத் திருத்தும் சிறு திருகைக் கையால் திருத்திவிடுவது நல்லது. இல்லையென்றால் வேறு சீக்வென்சரை மாட்டும் நாளில் எல்லாம் கோணலாகும். கீழ்ச் சுரத்தை ட்யூனரில் பொருத்தி, இரண்டு ஆக்டேவ் மேலே போய்ப் பாருங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் ட்ரிம்மரைக் கொஞ்சம் குறைத்து, கீழ்ச் சுரத்தை மறுபடி பொருத்தி, திரும்ப மேலே. மேல் ஆக்டேவ்கள் மட்டும் இறங்கி நின்றால் ஹை ஃப்ரீக்வென்சி ட்ரிம்மரைத் தொட வேண்டும், ஸ்கேலை அல்ல.

அதிகம் பேரைக் குழப்புவது பாசிவ் மல்டிபிள், அதாவது ஒரு சிக்னலை வெறும் கம்பியாலேயே பலவற்றுக்குப் பிரிக்கும் மாடியூல். அனுப்பும் பக்கம் 1 கிலோ ஓம், வாங்கும் பக்கம் 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆஸிலேட்டருக்கு நூற்றில் ஒரு பங்கு வோல்டேஜ் தொலைகிறது. அளவுத்திருத்தம் அதைச் சரிக்கட்டிவிடும். இரண்டாவதைச் செருகியதும் இன்னொரு பங்கு போகும். ஆக்டேவுக்கு 12 சென்ட், மூன்று ஆக்டேவ் மேலே 35 சென்ட். பழி ஆஸிலேட்டர் மேல் விழும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஆம்ப் உள்ள பஃபர்டு மல்டிபிள் போடுங்கள், அல்லது ஒவ்வொரு ஆஸிலேட்டருக்கும் தனி அவுட்புட் கொடுங்கள். எட்டு அவுட்புட் இருக்கும்போது இரண்டாவதே மேல்.

வெப்பம் அடுத்தது. ஆஸிலேட்டருக்குள் வோல்டேஜை ஸ்ருதியாக்கும் எக்ஸ்பொனென்ஷியல் கன்வெர்ட்டரில் வெப்பத்துக்கு ஈடு செய்யும் டெம்ப்கோ ரெசிஸ்டர் இல்லையென்றால் ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதம் நகரும். அடிப்படைச் சுரத்திலிருந்து ஐந்து ஆக்டேவ் தள்ளி அது 20 சென்ட். கேஸை ஆன் செய்து அரை மணி நேரம் சூடேறிய பிறகே அளவுத்திருத்தம் செய்யுங்கள். ஏசி காற்று நேரே கேஸ்மேல் படும் அறையில் எந்தத் திருத்தமும் நிற்காது.

எல்.இ.டி. மின்னும்போதெல்லாம் ஸ்ருதி ஆடினால் மாடியூல்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பஸ் போர்டின் கிரவுண்டைப் பாருங்கள். பாதையில் 20 மில்லி ஓம் இருந்து, கரண்ட் 100 மில்லி ஆம்பியர் ஏறி இறங்கினால் 2 மில்லிவோல்ட், அதாவது இரண்டரை சென்ட். நிறைய எல்.இ.டி. உள்ள மாடியூலை வேறு பஸ்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சிக்னல் கணினியிலிருந்து போய்த் திரும்பி வரும் தாமதத்தை நீங்களே அளந்து மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். 48 கிலோ ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் போக 2.7, வர 2.7 மில்லிசெகண்ட், கன்வெர்ட்டர் நேரம் தனி. கேட் (சுரம் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் சிக்னல்) அவுட்புட்டை ஒரு பேட்ச் கார்டால் நேராக இன்புட்டில் செருகி ரெக்கார்டு செய்யுங்கள். மென்பொருள் திரையின் தாளக் கட்டக் கோட்டிலிருந்து எத்தனை சாம்பிள் தள்ளி விழுகிறதோ, அந்த எண்ணை மென்பொருளின் தாமத ஈட்டில் போடுங்கள். பஃபரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.