சுயதொழில் ஆலோசகருக்கு எந்த மருத்துவக் காப்புறுதி? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

மருத்துவக் காப்புறுதி விற்க வரும் முகவர்களில் சிலர், கட்டுகின்ற காசுக்கு வரியிலும் கழிவு கிடைக்கும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கியல், கட்டட வரைபடம், திட்ட மதிப்பீடு, மென்பொருள் என்று ஏதோவொரு துறையில் தனியாக ஆலோசனைச் சேவை வழங்கி வாழும் ஒருவர் இந்தப் பேச்சை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. மருத்துவச் செலவு, மருத்துவக் காப்புறுதிக் கட்டுப்பணம், வீட்டுக்கடன் வட்டி போன்றவற்றுக்காக ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள இடமளித்த செலவின நிவாரணம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, 2022 டிசம்பர் 31ஆம் திகதியுடன் நீக்கப்பட்டுவிட்டது. அதன் பின்னர், தமக்கும் தம் குடும்பத்துக்கும் எடுக்கும் காப்புறுதிக்கான கட்டுப்பணம் வருமானத்தை ஈட்டுவதற்கான செலவாகக் கருதப்படாமல், வீட்டுச் செலவாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே அதைத் தொழிற்செலவுக் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு ஊற்றும் இருக்கிறது. தமிழில் காப்புறுதியை விளக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவற்றில் பேசப்படும் 80டீ பிரிவு இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியது. அங்கேயே பழைய வரிமுறையைத் தெரிவு செய்தவர்களுக்குத்தான் அந்தக் கழிவு உண்டு. எங்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எனவே காப்புறுதியை வைத்தியசாலையை மனதில் வைத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். வரியில் மிச்சம் பிடிக்கும் வழிகள் உண்டு. அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

திருகோணமலையில் வாழ்பவரின் நிலை கொழும்பில் வாழ்பவரின் நிலையிலிருந்து வேறுபட்டது. இங்கே மாவட்டப் பொது வைத்தியசாலையும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகளும் இருக்கின்றன. காய்ச்சல், பிரசவம், குடல்வால் அழற்சி, எலும்பு முறிவு என்று வந்தால் எம்மில் பெரும்பாலோர் முதலில் போவது அங்கேதான், சிகிச்சையும் இலவசம். பெரிய தனியார் வைத்தியசாலைகள் வேண்டுமென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஆகவே இங்குள்ள ஒருவரின் பணத்தைக் கரைப்பவை, வைத்தியசாலைக் கட்டணத்தோடு சேர்த்து, வாகனக் கூலி, கூட நிற்பவரின் தங்குமிட வாடகை, விசேட வைத்தியரைத் தனியாரிடம் சனல் பண்ணிப் பார்க்கும் கட்டணம், வேலை நின்றுபோன நாட்களின் வருமானம் ஆகியவையுமாகும். மாதச் சம்பளம் பெறுபவருக்குச் சுகவீன விடுமுறை இருக்கிறது. ஆலோசகருக்கு அறிக்கை கையளிக்கப்படாவிட்டால் காசு இல்லை.

முதலாவது தெரிவு, பொதுக் காப்புறுதிக் கம்பனிகள் ஆண்டுக்கு ஆண்டு வழங்கும் செலவு மீளளிப்பு ஒப்பந்தமாகும். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற செலவை, ஒப்பந்தத்தில் குறித்த ஆண்டு எல்லை வரை அது திருப்பித் தரும். ஆயினும் அந்த எல்லைக்குள்ளேயே அறை வாடகைக்கு ஓர் உச்சம், சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணத்துக்கு இன்னோர் உச்சம் என்று உள்வரம்புகள் இருப்பது வழக்கம் என்பதால், முகப்பில் அச்சிடப்பட்ட பெரிய தொகையை மட்டும் பார்த்து இரண்டு ஒப்பந்தங்களை ஒப்பிடுவது பயன் தராது. பணம் கட்டாமல் வெளியேறும் வசதி கம்பனியுடன் உடன்பாடு செய்துகொண்ட வைத்தியசாலைகளில்தான் கிடைக்கும். மற்ற இடங்களில் முழுப் பணத்தையும் முதலில் நாமே கட்டிவிட்டு, பற்றுச்சீட்டுகளை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். திட்ட நிதி எப்போது வரும் என்று தெரியாத ஆலோசகருக்கு இந்தக் காத்திருப்பு பெரும் சுமை. மேலும், இது ஓராண்டு ஒப்பந்தம். புதுப்பிக்கும்போது கட்டுப்பணம் உயரலாம், வயதெல்லை வந்ததும் நின்றும் போகலாம். ஆயுள் காப்புறுதிக்குப் பெறுமதி சேர் வரி (வற்) விலக்கு உண்டு. பொதுக் காப்புறுதியாக எடுக்கும் இந்த வகைக்கு அந்த விலக்கு இல்லை. 2024 ஜனவரி முதல் வற் 18 சதவீதமாக இருப்பதால், முகவர் சொல்லும் கட்டுப்பணம் வரிகளைச் சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்ட பின்னரே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது தெரிவு, ஆயுள் காப்புறுதியுடன் இணைத்து எடுக்கும் நாளாந்த வைத்தியசாலைப் பணம். வைத்தியசாலையில் தங்கிய ஒவ்வோர் இரவுக்கும் ஒரு குறித்த தொகை கிடைக்கும். செலவு எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. திருகோணமலைக்காரருக்கு இதன் அருமை அதிகம். ஏனெனில் அரசாங்க வைத்தியசாலையில் ஒரு சதமும் செலவில்லாமல் சிகிச்சை பெற்றாலும் அந்தப் பணம் கிடைக்கும். அதாவது, இழந்த வேலை நாட்களுக்கான ஈடாக அது அமையும்.

பித்தப்பைக் கல்லுக்காக நம் வைத்தியசாலையில் நான்கு இரவுகள் தங்கிச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். மீளளிப்பு ஒப்பந்தம் மட்டும் வைத்திருந்தால் அவரிடம் காட்டுவதற்குப் பெரிய பற்றுச்சீட்டு எதுவும் இராது. அரசாங்க வைத்தியசாலையில் தங்கியதற்கென்று தனியாக ஒரு சிறு தொகை அதில் சேர்க்கப்பட்டிருந்தாலொழியக் கிடைப்பது சொற்பம். நாளாந்தப் பண ஒப்பந்தம் வைத்திருந்தால், விடுதியிலிருந்து வெளியேறும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையே அவருடைய பணமாகும். அந்த அட்டையில் அனுமதிக்கப்பட்ட திகதி, வெளியேறிய திகதி, நோயின் பெயர், வைத்தியரின் கையொப்பம், முத்திரை ஆகிய ஐந்தும் தெளிவாக இருக்கின்றனவா என்று விடுதியை விட்டு இறங்குவதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். முத்திரை இல்லாத அட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டு, உடல் தேறாத நிலையில் மீண்டும் பதிவறைக்கு அலைபவர்களை நான் கண்டிருக்கிறேன். தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் அந்த அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பதும் எங்கள் பெயர்களுக்கு முக்கியம். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்படுவதால் கோரிக்கைகள் தாமதமாவது வழமை.

இந்த வகையின் குறை, ஆயுள் காப்புறுதியின் சேமிப்புப் பகுதி. மாதம் கட்டும் தொகையில் பெரும் பங்கு சேமிப்புக்குப் போக, வைத்தியசாலைப் பயனுக்குப் போவது சிறு பங்காக இருக்கலாம். முதல் சில ஆண்டுகளில் இடைநிறுத்தினால் கட்டியதில் மிகக் குறைவாகவே திரும்பும், சில வேளை எதுவுமே திரும்பாது. ஆகவே ஆயுள் ஒப்பந்தத்துடன் இணைக்கும் மேலதிக அனுகூலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எவ்வளவு அறவிடப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருமானம் ஒழுங்கற்று வருபவர் மாதத் தவணையை விட, பெரிய கொடுப்பனவு ஒன்று கைக்கு வரும் காலத்தில் ஆண்டுக் கட்டணமாகச் செலுத்துவதே பாதுகாப்பானது. தவணை தவறி ஒப்பந்தம் செயலிழந்தால் காத்திருப்புக் காலம், அதாவது பணம் கோர முடியாத ஆரம்பக் காலம், மீண்டும் தொடங்கக்கூடும்.

மூன்றாவது தெரிவாகிய பாரிய நோய்க் காப்புறுதி, எனது கணிப்பில், இங்கே பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற பட்டியலிட்ட நோயொன்று உறுதிப்படுத்தப்பட்டதும் முழுத்தொகையும் ஒரே தடவையில் கிடைக்கும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் திருகோணமலையிலிருந்து போகும் குடும்பம் அங்கே மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்க வேண்டும், ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கூட நிற்க வேண்டும், பிள்ளைகளை இங்கே யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். இவற்றுக்குப் பற்றுச்சீட்டு கொடுத்து மீளளிப்பு பெற வழியில்லை. மொத்தத் தொகையாகக் கையில் கிடைக்கும் பணம்தான் உதவும். கவனிக்க வேண்டியவை, ஆரம்பக் கட்டப் புற்றுநோய்கள் பட்டியலில் உள்ளனவா என்பதும், நோய் உறுதியான பின்னர் எத்தனை நாட்கள் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையுமாகும்.

கணவனோ மனைவியோ அரச ஊழியராக இருப்பவர்கள் நான்காவது தெரிவை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அக்ரஹார திட்டம், அரச ஊழியரின் வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. ஆசிரியரை மணந்த ஆலோசகர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர், தம் பெயர் துணையின் கோவையில் பதியப்பட்டிருக்கிறதா என்றே பார்த்ததில்லை. அக்ரஹார உள்ளவருக்கு இரண்டாவதாக ஒரு மீளளிப்பு ஒப்பந்தம் அவ்வளவு தேவையில்லை, ஏனெனில் ஒரே பற்றுச்சீட்டுக்கு இரண்டு இடத்திலும் முழுப்பணம் பெற முடியாது. நாளாந்தப் பணமும் பாரிய நோய்த் தொகையும் அவ்வாறல்ல. அவை அக்ரஹாரவோடு சேர்ந்தே கிடைக்கும்.

இனி வரிக்கு வருவோம். மாதம் 3 இலட்சம் ரூபாய் வீதம் ஆண்டுக்கு 36 இலட்சம் பெறும் ஆலோசகர் ஒருவருக்கு, எரிபொருள், இணையக் கட்டணம், அலுவலக வாடகை, உதவியாளர் சம்பளம், கணினித் தேய்மானம் என 6 இலட்சம் தொழிற்செலவு உண்டெனக் கொள்வோம். மிகுதி 30 இலட்சம். 2025/2026 மதிப்பீட்டாண்டில் தனிநபர் நிவாரணம் 18 இலட்சம்; வரிக்குட்படுவது 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமாக 60,000 ரூபாய், அடுத்த 2 இலட்சத்துக்கு 18 சதவீதமாக 36,000 ரூபாய், ஆக 96,000 ரூபாய் வரி. இதே ஆலோசகரிடமிருந்து, சேவை பெறும் நிறுவனம் 5 சதவீதப் பிடித்துவைத்தல் வரியாக ஆண்டில் 1,80,000 ரூபாயைக் கழித்திருக்கும். அதாவது 84,000 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. பிடித்துவைத்தல் வரிச் சான்றிதழ்களைச் சேர்த்து வைத்து, நவம்பர் 30க்கு முன் வருமான விவரத்திரட்டைச் சமர்ப்பித்தால்தான் அதைக் கோர முடியும்.

ஒப்புநோக்குங்கள்: ஒரு இலட்சம் ரூபாய் கட்டுப்பணத்துக்குக் கழிவு இருந்திருந்தாலும் இவருக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 18,000 ரூபாய். செலவின நிவாரணம் முழுமையாக நடைமுறையில் இருந்த காலத்திலோ தனிநபர் நிவாரணமே 30 இலட்சமாக இருந்ததால், இவருக்கு அந்தக் கழிவால் ஒரு பயனும் கிடைத்திராது. தொழிற்செலவுப் பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக வைத்திருப்பதும் பிடித்துவைத்த வரியைக் கேட்டுப் பெறுவதும் தருகின்ற பணத்தில் கட்டுப்பணத்தின் பெரும்பகுதியைக் கட்டிவிடலாம். வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு வாடகை வருமானத்தில் 25 சதவீத நிவாரணமும், தேசிய மின்கட்டமைப்புடன் இணைந்த சூரியக்கலம் பொருத்துபவருக்கு ஆண்டுக்கு 6 இலட்சம் வரையான நிவாரணமும் இருக்கின்றன.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இங்கிருந்தே சேவை செய்து, பணத்தை வெளிநாட்டு நாணயமாக வங்கி மூலம் பெறுபவருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் உச்ச வரி வீதம் 15 சதவீதம். செலவு போக 60 இலட்சம் ஈட்டுபவர் முழுவதையும் அவ்வாறு பெற்றால் வரி 5,40,000 ரூபாய். அதே தொகையை உள்ளூரில் ஈட்டினால் 10,32,000 ரூபாய்.

கட்டுப்பணத்துக்கு வரிக்கழிவு கிடைக்கும் ஒரே நேர்வழி, ஊழியர்களுக்காகக் கட்டுவது. கம்பனியொன்றைப் பதிவுசெய்து, முழுநேர ஊழியர் அனைவருக்கும் சம நிபந்தனையில் மருத்துவக் காப்புறுதி வழங்கினால், அது கம்பனிக்குச் செலவாகும். பெறுபவருக்கும் அந்தப் பயன் வேலை வருமானமாகச் சேராது. எனினும் கம்பனிக்கு 30 சதவீத வரி, பங்கிலாபத்துக்கு 15 சதவீத வரி, கணக்காய்வுக் கட்டணம், செயலாளர் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், தனியொருவர் காப்புறுதிக்காக மட்டும் கம்பனி தொடங்குவது வீண். நான்கைந்து பேரை வேலைக்கு வைத்திருப்பவர் யோசிக்கலாம்.

ஆகவே, முப்பதுகளில் இருக்கும், அக்ரஹார இல்லாத ஒருவர் முதலில் பாரிய நோய்க் காப்புறுதியையும் நாளாந்தப் பணத்தையும், சேமிப்புப் பகுதி மிகக் குறைந்த ஆயுள் ஒப்பந்தமொன்றுடன் எடுப்பதே நல்லது. கையில் மேலும் இருந்தால் மீளளிப்பு ஒப்பந்தம். கண்டியிலோ கொழும்பிலோ தனியார் சிகிச்சைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஐம்பதைக் கடந்து சர்க்கரை வியாதியோடு இருப்பவர், எந்தப் படிவத்திலும் அதை மறைக்காமல் எழுதி, ஏற்றுக்கொள்ளும் கம்பனியின் நிபந்தனைகளை மட்டும் ஒப்பிட வேண்டும். முகவர் "அதை எழுதத் தேவையில்லை" என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பின்னர் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு விடயம் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் வரை போனாலும், கையெழுத்திட்ட படிவத்தில் இருப்பதே உங்கள் வாக்குமூலமாகக் கொள்ளப்படும்.